ஒத்துழைக்காத நோயாளி

“மலைக்காரங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது.”

சொன்னவர் பெரிய டாக்டர். சொன்னது பக்கத்தில் நின்றிருந்த பயிற்சி டாக்டரிடம். நானும் அங்கேதான் இருந்தேன். பச்சைத் துணியைப் போர்த்தி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கேமரா வைத்த குழாய் என் பின்பக்கம் வழியாகக் குடலுக்குள் போயிருந்தது. ஒருத்தியின் குடலுக்குள் என்ன இருக்கிறது என்று அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறவருக்கு, அவளுக்குக் காதும் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

“இருபது நாள் மருந்து குடுத்தாச்சு. பாருங்க, அப்படியே செவந்து கிடக்கு. தொட்டா ரத்தம் வருது. ஒழுங்கா போட்டிருந்தா இப்படி இருக்குமா? பாதி நாள் போட்டிருக்க மாட்டாங்க” என்றார்.

ஒரு நாள் கூட விடவில்லை. இருபது நாளும், காலை ஆறு மணிக்கு, என் வீட்டுக்காரர் சின்னுசாமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். குழாய் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. வந்த வார்த்தை “அம்மா” என்று மட்டும் முடிந்துபோனது.

வெளியே வந்ததும் சீட்டில் எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார்: “குடலை உள்ளே வெச்சு மூடுற ஆபரேஷன் இப்ப முடியாதும்மா. கீழ்க் குடல்ல புண்ணு ஆறலை. இதே பொடியை இன்னும் ஒரு மாசம் போடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்.”

ஆறு மாதம். போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ் எப்போது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் கோபம் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் பெயர் அம்சவேணி. கொல்லிமலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாகச் சத்துணவுச் சமையல் என்னுடையது. போன ஐப்பசி மழையில் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தது. உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. ஒன்பது பேருக்கு டைபாய்டு வந்தது. எட்டுப் பேருக்குக் காய்ச்சலோடு போயிற்று. எனக்குச் சிறுகுடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் எழுபது வளைவையும் இறக்கிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்து, குடலை வலது பக்கம் வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்தார்கள். அதற்கு இரண்டு வாய். மேல் வாய் வழியாக மலம் தண்ணீராக வரும். அது விழுவதற்கு ஒரு பை ஒட்டியிருக்கும். கீழ் வாய் சும்மா இருக்கும். அதற்கு அப்பால் உள்ள குடலுக்கு வேலையே இல்லை. “தற்காலிகம்தான், மூணு மாசத்துல உள்ளே வெச்சுத் தைச்சிடுவோம்” என்று இதே பெரிய டாக்டர்தான் சொன்னார். என் உயிரைக் காப்பாற்றியவர் அவர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றினவருக்கு ஏசுகிற உரிமையும் சேர்ந்தே வந்துவிடுமா?

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊருக்குள் சுகாதாரத்துறை ஜீப் வந்தது. சதீஷ்குமார் என்று ஒரு இளம் ஆய்வாளர், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். தண்ணீரைக் கொதிக்க வைங்க. பாலைக் கொதிக்க வைங்க. குழந்தைக்குக் கொடுக்கிற எதுவாக இருந்தாலும் கொதிக்க வைங்க. குமிழ் வந்து பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. வயிற்றுக்குள் போகிற எதுவும் கொதிக்காமல் போகக் கூடாது. கதவுக்குக் கதவு சிவப்பு எழுத்தில் தாள் ஒட்டினார். கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். தொட்டிக்கு மூடி போடாதவர்களிடம் ஏதாவது கையெழுத்து வாங்கினாரா என்று தெரியவில்லை.

சின்னுசாமி மிளகு பறிக்கிறவர். மிளகுக்கொடி படர்ந்த நாற்பதடி சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுகிறவருக்கு எதிலும் பயம் கிடையாது. ஆனால் நான் வயிற்றில் பையோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கிருமி என்றால் பயம். சதீஷ்குமார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான் கை கழுவுகிற தண்ணீர் கூடக் கொதித்துத்தான் வரும்.

மூன்று மாதம் முடிகிற நேரத்தில் புதுத் தொல்லை வந்தது. கீழ்வழியாக மலம் வராது, சரி. ஆனால் சளியும் ரத்தமுமாக வர ஆரம்பித்தது. அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வேலையில்லாமல் கிடக்கிற பெருங்குடல் புண்ணாகிவிட்டது, அது ஆறினால்தான் ஆபரேஷன் என்றார்கள். அதற்குத்தான் அந்தப் பொடி. தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மெல்லிய குழாய் வழியாகக் கீழ் வாய்க்குள் மெதுவாக விட வேண்டும். குழாயை எப்படி நுழைப்பது, எவ்வளவு நுழைப்பது என்று வார்டில் காட்டினார்கள். மருந்துக் கடையில் பெட்டியைப் பிரித்து இருபது பாக்கெட்டை மட்டும் எண்ணிக் கையில் கொடுத்தார்கள். பெட்டியும் அதற்குள் இருந்த தாளும் அவர்களிடமே தங்கிவிட்டன.

எனக்கு அந்த ஆபரேஷன் எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பை இருக்கிற வரைக்கும் சமையல்கட்டுக்குள் வரக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பை என் சேலைக்குள், அதற்கு மேல் துணிப்பட்டி, அதற்கு மேல் ஏப்ரன். அப்படியும் ஆகாதாம். ஜூன் கடைசிக்குள் பையில்லாமல் வந்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் வேறு ஆள் என்றார்கள். டாக்டர் இப்போது சொல்கிற ஆறு மாதம் ஐப்பசியில் போய் நிற்கும்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பை காற்றால் உப்பியது. ஒவ்வொரு வளைவிலும் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டுக்காரி மூக்கில் முந்தானையை வைத்தாள். சின்னுசாமி ஜன்னலைத் திறந்துவிட்டு, வழிநெடுக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பத்து நிமிசம் பத்தலையாட்டம் இருக்குது, அம்சா. கால் மணி நேரம் வெச்சுப் பாக்கலாம்.”

இங்கேதான் எங்கள் தப்பு இருந்தது. அது தப்பென்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பொடியைத் தண்ணீரில் கரைத்து அப்படியே விடுவதற்குச் சின்னுசாமிக்கு மனசு வரவில்லை. வாய் வழியாகப் போகிற தண்ணீரையே பத்து நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். இது நேராகக் குடலுக்குள், அதுவும் புண்ணான குடலுக்குள் போகிறது. ஆகவே தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கி, அடுப்பில் வைத்து, செல்போனில் மணி பார்த்துக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிறகுதான் சிரிஞ்சில் எடுப்பார். பாத்திரம் தனி. கரண்டி தனி. அந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொட விடமாட்டார்.

ஊருக்குத் திரும்பிய நான்காம் நாள் காலையில் எங்கள் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ராஜேஸ்வரி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு என்னையும் பார்த்துப் போக வந்தாள். அடுப்பில் வெள்ளையாக ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“அடுப்புல என்னங்கண்ணா?” என்று கேட்டாள்.

“அம்சாவுக்கு மருந்துங்க, சிஸ்டர்.” சின்னுசாமி பெருமையாகத்தான் சொன்னார். “முன்ன பத்து நிமிசந்தான் வெச்சனுங்க. இப்ப கால் மணி நேரம். ஒரு கிருமி தப்பாது.”

ராஜேஸ்வரி கீழே கிடந்த காலிப் பாக்கெட்டை எடுத்தாள். அதன் பின்பக்கம் எறும்பு வரிசை போல இங்கிலீஷ் எழுத்து. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் படித்தாள். படித்துவிட்டு விறகுக் கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இந்தப் பொடியில இருக்கறதே கிருமிதானுங்க்கா.”

“என்ன கண்ணு சொல்ற?”

“நல்ல கிருமிங்க்கா. உயிரோட இருக்கோணும். நாம தின்னு, அது கீழ எறங்குனாத்தான் பெருங்குடல்ல இருக்கற நல்ல கிருமிக்குச் சாப்பாடு. உங்களுக்குத்தான் எல்லாம் மேலயே பைக்குப் போயிருதே. கீழ ஒண்ணும் போறதில்ல. அங்க இருந்த நல்ல கிருமியெல்லாம் கொறஞ்சுபோச்சு, குடலும் பட்டினி. அதுதான் புண்ணு. அதுக்குத்தான் புதுசா நல்ல கிருமியக் கொண்டுபோய் உடறாங்க. தயிருக்கு உறை ஊத்தற மாதிரின்னு வெச்சுக்கங்க. சூட்டுல செத்துப்போயிரும்.”

உறை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்ததே, டைபாய்டில் கூட அப்படி எரியவில்லை. நான் இருபது வருடமாகத் தயிர் உறைய வைக்கிறவள். கொதிக்கிற பாலில் எவளாவது உறை ஊற்றுவாளா? பால் காய்ந்து, இறங்கி, விரலை விட்டால் சுகமாக இருக்கிற சூட்டில் ஊற்ற வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை டாக்டர், இத்தனை நர்ஸ், மருந்துக் கடையில் இரண்டு பேர். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், ‘இது உறை மாதிரிம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்ல ஒருத்தருக்கும் நேரமில்லை. மலைக்காரங்களுக்கு மண்டையில் ஏறாது என்று சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

சின்னுசாமி பாத்திரத்தை இறக்கினார். வெளியே கொண்டுபோய் வாழைக் கன்றின் அடியில் ஊற்றினார். திரும்பி வந்து நிலைப்படியில் நின்றுகொண்டு கேட்டார்.

“அப்ப இருபது நாளும் நாந்தான் கொன்னனா?”

“உங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?” என்று கத்தினேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கத்தல் அவர் மேல்தான் விழுந்தது. அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கிற நாள். மறுபடி இறங்கினோம். நடந்ததைச் சொன்னால் அவரும் ஐயோ என்பார், தேதியைத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். அவர் சிரித்தார்.

“மருந்தை யாராவது அடுப்புல வெச்சுக் கொதிக்க வெப்பாங்களா? காமன்சென்ஸ் வேண்டாமா?” பிறகு சின்னுசாமியைப் பார்த்தார். “நீதான் கொதிக்க வெச்சதா? பொண்டாட்டி ஆபரேஷன் தள்ளிப்போனதுக்கு நீதான்யா காரணம்.”

வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். ஐம்பது வயதைத் தொடப்போகிற மனுஷனை நீ என்கிறார், யா என்கிறார். சின்னுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஆமாங்க சார். என் தப்புதானுங்க.”

“அவரு தப்பில்லீங்க” என்றேன் நான். “கொதிக்க வெக்காத எதுவும் வயித்துக்குள்ள போகக் கூடாதுன்னு எங்க ஊட்டுக் கதவுல தாள் ஒட்டிப்போட்டுப் போனது ஆருங்க? அதத்தான் அவரு செஞ்சாரு. இதுல உயிர் இருக்குதுன்னு நீங்க சொன்னீங்களா? ஆராச்சும் சொன்னாங்களா?”

“எல்லாம் பாக்கெட்ல போட்டிருக்கும்மா.”

“இங்கிலீசுலயா?”

அவர் சீட்டை இழுத்துக்கொண்டார். இருபது நாள் பொடி மறுபடி எழுதினார். ஆறினால் மே கடைசியில் ஆபரேஷன் வைக்கலாம் என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று வாயை மூடிக்கொண்டேன். தேவைக்காரி வாயை மூடிக்கொள்வாள் என்று அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த இருபது நாளும் மருந்தை நானே கரைத்தேன். தண்ணீரைக் காய்ச்சி, மூடி வைத்து, ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் பொடியைப் போடுவேன். குழாயைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். அதற்கு ராஜேஸ்வரி இரண்டு நாள் வந்தாள். பிறகு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானே பழகிவிட்டேன். சின்னுசாமி அடுப்புப் பக்கமே வரவில்லை. பலாப்பழ சீசன். லோடு ஏற்றப் போய்விட்டு வருவார், வாசலில் நின்று “குளிக்கத் தண்ணி வெக்கலாமா?” என்று என்னிடம் கேட்பார். விறகை எடுக்கலாமா, பாலை இறக்கலாமா, எல்லாவற்றுக்கும் கேட்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்காத மனுஷன். அப்படியே கேட்டுக்கொண்டு நின்றால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

பத்தாம் நாளே சளி குறைந்தது. பதினைந்தாம் நாள் ரத்தம் நின்றது. மே மாதம் மூன்றாவது வாரம் குழாய் விட்டுப் பார்த்தபோது டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினார். இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருந்தது என் குடல்.

“பாத்தீங்களா? சொன்னபடி செஞ்சா சரியாகுது” என்றார்.

சொன்னபடியாம்! யார் சொன்னபடி? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு இருபத்தெட்டாம் தேதி கொடுத்தார்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணி. ஆபரேஷன் உடை போட்டு, கையில் ஊசி குத்தி, தள்ளுவண்டியை என் கட்டிலோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள். வார்டு நர்ஸ் சங்கீதா என் கோப்போடு வந்து, சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை விரித்தாள். தாளைத் திருப்பும்போது முதல் பக்கம் என் கண்ணில் பட்டது. என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி, அடிக்கோடு போட்டு. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பிடிபடவில்லை.

“இந்தச் செவப்புல என்ன சிஸ்டர் எழுதியிருக்குது?”

“அது ஒண்ணுமில்லக்கா. கையெழுத்துப் போடுங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஏன் அடிக்கோடு?”

சங்கீதா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நோயாளி ஒத்துழைக்கவில்லை. வீட்டில் மருந்தைச் சரியாகப் பயன்படுத்தாததால் ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது. கணவரின் அறியாமை.”

தாளை மூடி அவள் கையில் கொடுத்தேன். “இந்த வரி இருக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஏழு மாதமாக நான் கண்ட கனவெல்லாம் அந்தத் தள்ளுவண்டியில் ஏறுவதுதான். அது இடிக்கிற தூரத்தில் நிற்கிறது. ஜூன் கடைசி என்ற கெடு ஒரு பக்கம் இருக்கிறது. சங்கீதா ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். தலையில் தொப்பி மாட்டியபடியே வந்தார்.

“என்னம்மா பிரச்சினை? தாள்ல இருக்கிறதால உங்களுக்கு என்ன வந்தது?”

“நாளைக்கு உள்ள போட்ட தையல் விட்டுப்போச்சுன்னா என்ன சொல்லுவீங்க சார்? இந்தத் தாளக் காட்டி, இவ அப்பவே இப்படித்தான்னு என் தலையில கட்டிருவீங்க. இல்லன்னா அவரு தலையில. நாங்க சொன்னதச் செய்யாதவங்க இல்லீங்க. சொல்லாததச் செய்யலைன்னு எழுதியிருக்கறீங்க.”

“உள்ளே டீம் ரெடியா நிக்குது. பத்து நிமிஷம் தரேன். அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா அடுத்த கேஸை எடுத்துடுவேன். அப்புறம் தேதி எப்பன்னு என்னால சொல்ல முடியாது.”

சின்னுசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உட்ரு அம்சா. என் தப்புன்னே இருந்துட்டுப் போவட்டும். எனக்கு என்ன? நீ போட்ரு சாமி.”

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை போட்டிருப்பேன். கொலைப்பழியை ஏற்றுக்கொள்கிறவர் மாதிரி அவர் அதைச் சொன்னதும் எனக்குள் இருந்த பயம் போய்விட்டது.

“சிஸ்டர், இந்தப் பொடிய எங்களுக்கு மட்டுந்தான் குடுத்தீங்களா?”

“இல்லக்கா. இந்த வருசம் எட்டுப் பேருக்கு.”

“எல்லாருக்கும் ஆறிப்போச்சா?”

சங்கீதா டாக்டரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு பேருக்கு ஆறிருச்சு. உங்களோட சேத்து அஞ்சு பேருக்குத் தள்ளிப்போச்சு.”

“அந்த நாலு பேரு தாள்லயும் செவப்புல எழுதியிருக்குதா?”

அவள் தலையை லேசாக ஆட்டினாள்.

“அவங்களும் கொதிக்க வெச்சாங்களான்னு ஆராச்சும் கேட்டீங்களா?”

“எல்லாரும் உங்களை மாதிரி கொதிக்க வெப்பாங்களா? சும்மா கதை விடாதீங்கம்மா” என்றார் டாக்டர்.

“கதைன்னா கதையாவே இருக்கட்டுங்க. ஒருத்தருக்குப் போன் போட்டுக் கேளுங்க சார். ஒரே ஒருத்தருக்கு. அவங்க கொதிக்க வெக்கலைன்னு சொல்லட்டும், நான் இப்பவே கையெழுத்துப் போட்டர்றேன்.”

டாக்டர் போன் போடச் சொல்லவில்லை. போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் சங்கீதா மேசைக்குப் போய் ஒரு கோப்பைப் பிரித்து எண்களை அழுத்திவிட்டாள். பாவம், அவளுக்கு வேலை போகலாம். அப்படியும் போட்டாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். நான்கு தடவை மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள்.

“அண்ணா, ஆஸ்பத்திரியில இருந்து பேசறனுங்க. காளப்பநாயக்கன்பட்டி அர்த்தனாரிங்களா?”

“ஆமாங்க சிஸ்டர், சொல்லுங்க.” பின்னால் சிமென்ட் கலக்குகிற சத்தம் கேட்டது. “ஊட்டுக்காரிக்கு ஆபரேசன் தேதி கெடச்சிருச்சுங்களா?”

“அதுக்கில்லீங்கண்ணா. அந்தப் பொடிய நீங்க எப்படிக் கரைச்சு உடறீங்கன்னு கேக்கத்தான்.”

“நல்லாச் சுத்தமாத்தானுங்க சிஸ்டர். தண்ணி தளதளன்னு கொதிக்கறப்பப் பொடியப் போட்டு, அஞ்சு நிமிசம் மூடி வெச்சு, அப்பறம் ஆத்தி உடறனுங்க. எங்கூர்லயும் காய்ச்சல் வந்துச்சுங்களே, அப்ப வந்தவங்க சொல்லிக் குடுத்தாங்க. ஒரு நாள் கூடத் தவறலீங்க. நாந்தான் செய்யறேன். அவள விட்டா ஏனோதானோன்னு செஞ்சுபோடுவா.” சிமென்ட் சத்தம் நின்றது. “ஏனுங்க சிஸ்டர், எதாச்சும் தப்புங்களா?”

சங்கீதா போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். டாக்டர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டவில்லை. “சிஸ்டர்? லைன்ல இருக்கறீங்களா?” என்று அந்த மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டில் கம்பியை விட்டுவிட்டுச் சின்னுசாமி நடந்து போனார். யாரிடமும் எதுவும் கேட்காமல் சங்கீதாவின் கையிலிருந்து போனை வாங்கினார்.

“நான் கொல்லிமலைங்க. எங்கூட்டுக்காரிக்கும் இதேதானுங்க. நானும் கொதிக்க வெச்சுத்தான் உட்டேன்.” போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இனிமே கொதிக்க வெக்காதீங்க. தண்ணியத் தனியாக் காய்ச்சி, நல்லா ஆற வெச்சுப்போட்டுப் பொடியப் போடுங்க. தப்பு உங்க மேல இல்லீங்க. நமக்கு ஆருஞ் சொல்லல.”

டாக்டர் என் கோப்பை எடுத்தார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். சிவப்பு வரியின் மேல் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதி, கையெழுத்திட்டு, சங்கீதாவிடம் நீட்டினார். அவள் எனக்குப் படித்துக் காட்டினாள்: மருந்தைச் சூடாக்கக் கூடாது என்று நோயாளிக்கும் கணவருக்கும் சொல்லப்படவில்லை. பிறகு சம்மதத் தாளை என் முன்னால் வைத்தாள்.

“இப்பவாவது போடுங்கம்மா” என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

பேனாவை வாங்கிக்கொண்டேன். “என்னுது மட்டும் பத்தாதுங்க சார். அந்த நாலு தாளும் வரட்டும். அதுலயும் கோடு போடுங்க. அப்பறம் போடறேன்.”

சங்கீதா அலமாரிக்குப் போனாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. அடுத்த கேஸைக் கூப்பிடவும் இல்லை. நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.